சிவப்பு எழுத்தும் ஒரு வைரஸும்

நம்மூரில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவி குழைத்து உடம்பில் 'அக்கி எழுதுவார்'. எழுதினால் குணமாகுமா என்பது வேறு விஷயம். அக்கி தானாகவே ஆறக்கூடியது. ஆனால் அந்தச் சிவப்பில் அவமானம் ஏதுமில்லை. அக்கியை உண்டாக்கும் வைரஸின் பங்காளிதான் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அமெரிக்காவில் இந்தப் பங்காளிக்கு எழுதப்பட்ட எழுத்து வேறு மாதிரி.

1982 ஆகஸ்ட் 2 தேதியிட்ட 'டைம்' இதழ், ஹெர்ப்பிஸை இன்றைய 'ஸ்கார்லெட் லெட்டர்' என்று அட்டையிலேயே அறிவித்தது. 1850இல் வெளிவந்த ஹாதார்னின் நாவல் பெயர் அது. அதில் பியூரிட்டன் சமூகம், 'நெறி தவறிய' பெண்ணின் மார்பில் சிவப்பாக 'ஏ' என்ற எழுத்தைச் சுமக்க வைக்கிறது. ஆக, அறுபதுகளின் பாலியல் விடுதலைக்குக் கிடைத்த தண்டனையாக ஒரு கொப்புளம் வாசிக்கப்பட்டது. நோய் புதுசா என்றால், இல்லை. பிரெஞ்சு மருத்துவர் அஸ்த்ரூக் 1736லேயே பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸை விவரித்துவிட்டார். புதிதாக வந்தது நோயல்ல, அதைச் சுற்றிய சொல்லாடல்.

இங்குதான் சிக்கல். எழுத்து வெளியே தெரிவது. வைரஸோ நரம்பு முடிச்சுக்குள் ஒளிந்துகொள்வது. புண் ஏதும் இல்லாத நாளிலும் தோல்வழியே வெளிப்படும். தொற்றுள்ள பெரும்பாலோருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. 'கெட்டவங்களை' ஒதுக்கிட்டா தப்பிச்சிடலாம்னு நினைக்கிற ஒழுக்கவாதி, மருத்துவரீதியாகவே ஏமாந்து போகிறார்.

தடுக்க வழி இல்லாமலில்லை. புண்ணோ எரிச்சலோ இருக்கும்போது உறவைத் தள்ளிப்போடலாம். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும்; எல்லாத் தோலையும் மூடாததால் முழுக்காப்பு அல்ல. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,484 இணைகளிடம் நடந்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. தொற்றுள்ளவர் தினமும் வாலசைக்ளோவிர் சாப்பிட்டால் பரவுவது ஏறக்குறையப் பாதியாகிறது என்று அது காட்டியது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு: 'எனக்கு இருக்கு' என்று இணையிடம் சொல்ல முடிய வேண்டும். அவமானம் அடைப்பது அந்த வாயைத்தான். ஒழுக்கத்தின் காவலர்கள் நோயின் ஏஜெண்டுகளாகிவிடுவது இப்படித்தான்.

'டைம்' கூச்சலிடுவதற்கு முன்பே, 1979இல், அமெரிக்க சமூக சுகாதாரச் சங்கம் ஹெர்ப்பிஸ் உள்ளவர்களுக்கென ஒரு மையத்தைத் தொடங்கியிருந்தது. பல நகரங்களில் அவர்கள் குழுக்களாகக் கூடி, தம் உடம்பைப் பற்றித் தாமே பேசினார்கள். தடுப்பின் வரலாறு இவர்களிடமிருந்துதான் எழுதப்பட வேண்டும்.

'சொல்லு' என்று உபதேசிப்பது சுலபம். சொன்னதற்கு விலை கொடுப்பது யார்? தொற்று பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து இன்று கொப்புளமாகலாம். யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சியே அல்ல. அதைச் சாட்சியாக்கி ஒரு பெண்ணைக் கூண்டிலேற்றும் குடும்பத்தில் அவள் எப்படிப் பேசுவாள்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்டோரில் சுமார் 380 கோடிப் பேருக்கு முதல் வகை ஹெர்ப்பிஸ் இருக்கிறது. மூன்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு எழுத்தை யார் மார்பில் மாட்டப் போகிறோம்?