தோற்காத பந்தயத்தின் விலை

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது பிரிட்டனில் பணிபுரிகிறார். அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, தோற்கவே முடியாத பந்தயம் ஒன்று உண்டு, கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்றார். சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

அங்கு அதற்கு 'மேட்ச்டு பெட்டிங்' என்று பெயர். உரிமம் பெற்று இயங்கும் பந்தய நிறுவனங்கள், புதிய வாடிக்கையாளர்களை ஈர்க்க இலவசப் பந்தயம் அளிக்கின்றன. அதில் வென்றால் ஆதாயம் மட்டுமே கிடைக்கும்; பந்தயத் தொகை கைக்கு வராது. மறுபுறம், 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெட்ஃபேர் போன்ற பந்தயச் சந்தைகளில், ஓர் அணி 'வெல்லாது' என்றும் பந்தயம் கட்டலாம். இவ்விரண்டையும் இணைப்பதே உத்தி.

10 பவுண்டு இலவசப் பந்தயத்தை, வென்றால் 5 மடங்கு தரும் அணியின் மீது வைப்பதாகக் கொள்வோம். அதே அணி வெல்லாது என்று சந்தையில் அதே விகிதத்தில் 8 பவுண்டுக்கு எதிர்ப்பந்தயம் கட்ட வேண்டும். அணி வென்றால் நிறுவனத்திடமிருந்து 40 பவுண்டு வரவு, சந்தையில் 32 பவுண்டு செலவு, மீதி 8. வெல்லாவிட்டால் இலவசப் பந்தயம் வீணாகும். சந்தையில் 8 பவுண்டு கிடைக்கும். எது நேர்ந்தாலும் 8 பவுண்டு ஆதாயம்!

நடைமுறையில் விகித வேறுபாடும் சந்தையின் தரகும் இதைச் சற்றுக் குறைக்கும். சலுகையைப் பெறுவதற்காக முதலில் சொந்தப் பணத்தில் கட்டும் பந்தயத்திலும் சிறு இழப்பு ஏற்படலாம். வென்ற தொகைக்கு அங்கு வருமான வரி இல்லை.

அப்படியானால் இடரே இல்லையா? ஆட்டத்தில் நீக்கிய இடர், ஆடுபவரிடம் தங்கிவிடுகிறது. 8 பவுண்டு ஈட்ட 32 பவுண்டை முடக்கி வைக்க வேண்டும். ஓர் எண்ணைத் தவறாக இட்டாலோ, இரு பந்தயங்களுக்கு இடையில் விகிதம் மாறினாலோ காப்பு போய்விடும். வெறும் சூதாட்டமே மிஞ்சும். சலுகையை மட்டும் தேடி வருபவரை நிறுவனங்கள் விரைவிலேயே இனங்காண்கின்றன. சலுகைகளை நிறுத்துகின்றன, கட்டக்கூடிய தொகைக்குக் கடும் வரம்பு விதிக்கின்றன. ஆதாயம் வற்றிவிடும், பந்தயம் கட்டும் பழக்கம் வற்றுமா?

பொருளியல் பயின்றவர் கேட்க வேண்டிய கேள்வி மற்றொன்று உண்டு. அந்த 8 பவுண்டைத் தருவது யார்? நிறுவனங்கள் நன்கொடை வழங்குவதில்லை. சலுகை என்பது தூண்டிலில் கோத்த புழு. சிலர் புழுவை மட்டும் தின்று தப்பலாம். சிக்கியவர்களின் இழப்பிலிருந்துதான் அடுத்த புழுவுக்கான செலவு வருகிறது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையமே, விளையாட்டுப் பந்தயத்தையும் கேசினோ ஆட்டங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் சலுகைகளுக்கு 2026 ஜனவரி முதல் தடை விதித்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே அங்குள்ள உத்தியை இங்கு முயலச் சட்டபூர்வமான வழி இல்லை.

உரையாடலின் முடிவில் மாணவரிடம் ஒன்று கேட்டேன்: "எதிர்ப்பந்தயம் கட்டாமல் எப்போதாவது விட்டதுண்டா?"

சிறிது நேரம் மௌனம். பிறகு, "ஒரே ஒருமுறை, ஐயா. அந்த அணி நிச்சயம் வெல்லும் என்று தோன்றியது" என்றார்.

அணி வென்றதா என்று நான் கேட்கவில்லை. வென்றிருந்தால்தான் எனக்குக் கவலை அதிகம்.