இரண்டு கோட்டைகளும் ஓர் ஆண்டும்

தில்லிவாழ் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் புதிய இடமன்று. முருங்கைக்காய், தேங்காய், கடல்மீன் என்று ஊர்ச் சமையலுக்கு வேண்டிய பண்டங்களை நாடி நம்மவர் அங்குச் செல்வது வழக்கம். அந்த அங்காடியை ஒட்டிய சாலை, வடக்கே சப்தர்ஜங் கல்லறையருகிலிருந்து புறப்பட்டுத் தெற்கே குதுப் மினாரை நோக்கிச் செல்கிறது. அதற்கும் அப்பால், மெஹ்ரோலியிலுள்ள தர்காவின் அருகே, ஒரு சிறு மசூதியை அடுத்து, அரசர் கல்லறைகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றில் துயில்பவர் மொகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் ஷா ஆலம். அவர் காலமானது 1806 நவம்பர் 19-ஆம் நாள். அதற்கு நான்கு திங்கள் முன்னர், ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கும்பினியாரை எதிர்த்து எழுந்தனர். இவ்விரண்டையும் ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகளாகச் சேர்த்து நோக்குவோர் அரியர். தில்லிப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் 1857-ஆம் ஆண்டின் மீரட்டை அறிவர், வேலூரை அறியார். ஆகவே அந்த ஆண்டைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

ஷா ஆலத்தின் வரலாறு இரங்கத்தக்கது. 1764-இல் பக்சார்ப் போரில் கும்பினிப் படையிடம் தோல்வி; அடுத்த ஆண்டே வங்காளம், பீகார், ஒரிஸா ஆகியவற்றின் வரிவசூல் உரிமையைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். 1772-இல் மராத்தியர் துணையோடு தில்லிக்குத் திரும்பினார். 1788-இல் குலாம் காதிர் என்ற கொடியவன் செங்கோட்டைக்குள்ளேயே அவருடைய கண்களைப் பறித்தான். 1803-இல் தளபதி லேக் தில்லியைக் கைப்பற்றியபோது, பார்வையிழந்த முதியவராக அவர் கும்பினியின் உதவிச் சம்பளத்தில் வாழத் தொடங்கினார். தில்லியிலிருந்து பாலம் வரைதான் அவருடைய ஆட்சி என்று ஊரார் எள்ளியதாகச் சொல்வதுண்டு. பாலம் இன்று விமான நிலையம் உள்ள இடம்; தூரத்தை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆயினும் பெயருக்கு ஒரு மதிப்பிருந்தது. வங்காளத்தில் கும்பினி அச்சிட்ட ரூபாய்களில் ஷா ஆலத்தின் பெயரே பொறிக்கப்பட்டது; அவர் இறந்த பின்னரும் 1835 வரை அது நீடித்தது. சென்னை மாகாணத்தின் ஆர்க்காட்டு ரூபாயில் இருந்ததோ, 1759-லேயே கொலையுண்ட அவருடைய தந்தை இரண்டாம் ஆலம்கீரின் பெயர்! வணிகரின் ஆட்சிக்கு இறந்த மன்னரின் பெயர் வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் ஐரோப்பாவில் நேர்மாறான காட்சி. ஆஸ்டர்லிட்ஸ் போரில் நெப்போலியனிடம் தோற்ற இரண்டாம் பிரான்சிஸ், 1806 ஆகஸ்டு 6-ஆம் நாள் புனித ரோமானியச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தைத் துறந்தார். பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த அந்தப் பேரரசு அன்றே கலைந்தது. அக்டோபரில் பிரஷ்யாவை முறியடித்துப் பெர்லினுள் புகுந்த நெப்போலியன், நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்தபடியே பிரிட்டிஷ் வாணிகத்துக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைக்கும் ஆணையைப் பிறப்பித்தார். ஷா ஆலம் மறைந்து அப்போது இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் பிரதமர் பிட் ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

வேலூருக்கு வருவோம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவருடைய மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டை அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டனர். அக்கோட்டையில் 69-ஆம் வெள்ளைப் பட்டாளத்தின் நான்கு கம்பெனிகளும், சென்னைச் சிப்பாய்களின் மூன்று பட்டாளங்களும் இருந்தன. அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் வில்லியம் பெண்டிங்க். படைத்தலைவர் ஜான் கிராடக். அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே புதுமாதிரித் தலைப்பாகை ஒன்றும் வந்தது. அதில் தோலாலான அணி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கு இந்தத் தலைப்பாகை ஒரு பாடம். அதிகாரிகளின் ஏட்டில் அதன் பெயர் தலைப்பாகை; அணிய வேண்டியவரின் கண்ணுக்கு அது தொப்பி. தொப்பிக்காரன் என்றால் நம் நாட்டில் அந்நாளில் பரங்கி என்றே பொருள். தொப்பி அணிந்தவன் அவர்கள் மதத்தையும் அணிந்தவனாவான் என்று சிப்பாய்கள் அஞ்சினர். தோலோ பசுவினதாக இருக்கலாம், பன்றியினதாக இருக்கலாம். இரு சமயத்தார்க்கும் அது தீட்டு. மே மாதத்திலேயே மறுத்துக் கூறியவர்கள் கசையடி பெற்றனர். ஒரு சொல்லின் பொருளை அதிகாரி ஒருவர் கேட்டறிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் தொப்பி ஒன்றே காரணம் என்று சொல்லி முடித்தால் அது குறுகிய பார்வையாகும். குறைந்த சம்பளமும், உயர்பதவி வெள்ளையர்க்கே என்ற ஏற்பாடும், பாளையக்காரரும் மருது சகோதரரும் வீழ்த்தப்பட்ட அண்மை நினைவும் பின்னணியில் இருந்தன.

ஜூலை 9-ஆம் நாள் திப்புவின் மகளுக்குத் திருமணம். அன்றிரவு கழிந்து பொழுது புலருமுன் சிப்பாய்கள் எழுந்து வெள்ளைப் பட்டாளத்தின் பாசறையைச் சுட்டனர். கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் மாண்டார். உறக்கத்திலும் நோய்ப்படுக்கையிலும் பலர் மாண்டனர். இதை மறைத்துப் புகழ்பாடுவதை நாம் விரும்பவில்லை. கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. இது கவனிக்கத்தக்கது. நாணயத்தில் இருந்தது தில்லிப் பெயர். சிப்பாய்களின் நெஞ்சில் இருந்ததோ ஏழாண்டுகளுக்கு முன் போரில் மாண்ட மைசூர் மன்னரின் பெயர். தில்லியை அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. மீரட்டுச் சிப்பாய்கள் 1857-இல் ஷா ஆலத்தின் பேரர் பகதூர் ஷாவைத் தேடித் தில்லிக்கு விரைந்ததோடு இதை ஒப்பிடலாம்.

செய்தி ஆர்க்காட்டை எட்டியது. ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். பீரங்கியால் கதவு தகர்ந்தது. கோட்டை பகலுக்குள் மீட்கப்பட்டது. அரண்மனையில் ஒளிந்திருந்த நூறு பேரளவில் வெளியே கொணர்ந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டதை, அன்று கதவைத் தகர்க்க உடனிருந்த பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியே பின்னர் எழுதிவைத்தார். அன்று மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பர். விசாரணைக்குப் பின் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டோரும் தூக்கிலிடப்பட்டோரும் வேறு. உடை உத்தரவு அவ்வாண்டே கைவிடப்பட்டது. திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பெண்டிங்கும் கிராடக்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர். ஆனால் அதே பெண்டிங்க் 1828-இல் கவர்னர் ஜெனரலாக மீண்டும் வந்தார். பள்ளிப் புத்தகங்களில் அவர் உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்தவராகவே விளங்குகிறார்.

இத்தகைய செய்திகள் ஏன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன என்பதற்கும் 1806-லேயே ஒரு விடை கிடைக்கிறது. அவ்வாண்டு மே 20-ஆம் நாள் லண்டனில் ஜேம்ஸ் மில் என்பவருக்கு ஒரு மகன் பிறந்தான். அக்குழந்தையே தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். தந்தை அதே ஆண்டில்தான் இந்தியாவின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். நூல் வெளிவர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அவர் இந்தியாவைக் கண்டவரல்லர்; நம் மொழி ஒன்றும் அறிந்தவரல்லர். அது குறையன்று என்று முன்னுரையிலேயே வாதாடினார்! நூலின் பயனாக 1819-இல் கும்பினி அலுவலகத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது. மகனும் 1823-இல் பதினேழு வயதில் அங்கேயே குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1858 வரை இந்தியாவுக்குச் செல்லும் கடிதங்களை வரைந்தார். சுதந்திரத்தைப் பற்றி உலகம் போற்றும் நூலை எழுதியவரின் அன்றாட வேலை அதுவாக இருந்தது.

தந்தை மில்லின் சரித்திரம் 1805-ஐ ஒட்டி நின்றுவிட்டது. வேலூர் அதற்கு அடுத்த ஆண்டு. அப்பகுதியைப் பின்னர் எழுதிச் சேர்த்தவர் வடமொழி அறிஞர் எச். எச். வில்சன். நடந்ததற்கு ஆங்கில ஏடுகள் இட்ட பெயரைத் தமிழில் கலகம் என்றே நெடுங்காலம் எழுதி வந்தோம். புரட்சி என்ற சொல் பின்னாளில் வந்தது. இதனை முதல் சுதந்திரப் போர் என்பது மிகை என்பதே நம் கருத்து. கயத்தாறும் காளையார்கோவிலும் அதற்கு முந்தியவை. ஆயினும் பல வேறு சமயத்துச் சிப்பாய்கள் ஒன்றுகூடிக் கும்பினியின் கோட்டை ஒன்றைச் சில மணி நேரம் தம் வசம் வைத்திருந்தனர். இது நிகழ்ந்தது மீரட்டுக்கு 51 ஆண்டுகள் முன்பு. இருநூறாம் ஆண்டு நிறைவான 2006-இல் மத்திய அரசின் அஞ்சல் துறை வேலூர் எழுச்சிக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. காட்பாடி நிலையத்தில் இறங்கினால் கோட்டை அண்மையிலேயே உள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்வோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.