வீடு எத்தனை என்பதற்கு முன், மனை யாருடையது?

ஏழைகளுக்கு வீடு போதவில்லை, ஆகவே இன்னும் கட்ட வேண்டும். இதில் எந்தக் கட்சிக்கும் மறுப்பு இல்லை. எத்தனை ஆயிரம் வீடு என்பதில்தான் போட்டி. கட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த மண்ணில், யார் பெயரில் என்று கேட்கிறோம். நம் மக்களுக்கு இது புதிய கேள்வியும் அல்ல.

1891இல் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த அறிக்கை அது. அதில் உழுநிலம் பற்றிய பகுதியைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். வீட்டுமனை பற்றியும் அவர் எழுதியிருந்தார். சேரிக் குடிசை நிற்கும் மண்ணையும் மிராசுதார் தனதென்றார். கூலி கேட்டால், வேறு ஆண்டையிடம் வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடிந்தது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும் அதைக் கட்டிக்காத்தது இந்த மனைதான். இருந்தும் மனை விஷயத்தில் மிராசுதார்களோடு மோத அரசு தயங்கியது.

1971க்கு வருவோம். அந்த ஒரே ஆண்டில் தமிழகத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. குடியிருப்பு அனுபவதாரர் சட்டம், கிராமத்து விவசாயக் கூலிக்கு அவர் குடிசை நின்ற இடத்தையே சொந்தமாக்கியது. நகரத்துக் கூலிக்கு வந்தது குடிசைப் பகுதிகள் சட்டம். இதில் உரிமை இல்லை, பாதுகாப்பு மட்டும் உண்டு: அறிவிக்கப்பட்ட பகுதியில் வாடகைக்கு இருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்ற முடியாது. அந்தப் பாதுகாப்பும் அறிவிக்கப்பட்டால்தான். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 சேர்ந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பட்டியல் அப்படியே கிடந்தது. நகரம் மட்டும் வளர்ந்தது.

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்பத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. 1977க்குப் பிறகு உலக வங்கிக் கடனில், இருக்கும் இடத்தை மேம்படுத்துவதும் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனை பிரித்துக் கொடுப்பதும் நடந்தன. குறைகள் உண்டு. ஆனாலும் நகரத்துக்குள் நமக்கு இடம் இருந்தது.

2000லிருந்து திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பெரிய சாதனைதான், பல்லாயிரம் வீடுகள்! கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி இது இன்னும் வேகமெடுத்தது. வீட்டு வேலை, மீன் விற்பனை, துப்புரவுப் பணி எல்லாம் பழைய இடத்திலேயே இருக்க, தூங்கும் இடம் மட்டும் 20 கிலோமீட்டர் தள்ளிப் போனது. கையில் இருப்பதோ ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் தவணை முடிந்த பிறகு என்கிறார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்தவர்களுக்கும் இப்படி ஏழு, எட்டு மாடி உயரத்தில் வைக்கலாம் என்று தோன்றியிருக்காது.

2021இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 1971 சட்டத்தின் 3ஆவது பிரிவு மாறவில்லை. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதியாக அறிவிக்கும் அதிகாரம் இன்றும் அரசுக்கு இருக்கிறது. கணக்கெடுக்க ஆட்கள் வரும் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே எழுதிக் கேளுங்கள்.