நுரையீரற் புற்றுநோயும் மருத்துவ வரலாறும்

மலாயாவில் ஒரு காலத்தில் நெஞ்சு நோய் என்றால் மக்கள் சயரோகத்தையே நினைத்தனர். அந்நோயாளர்க்கென்றே 1955ஆம் ஆண்டில் கோலாலம்பூர், செராஸில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின் சயரோகம் தீரும் நோயாயிற்று. ஆனால், நுரையீரலைப் பற்றும் மற்றொரு நோயாகிய புற்றுநோய் அவ்வளவு எளிதில் பணியவில்லை.

அதன் சிகிச்சை வரலாற்றில் 1933ஆம் ஆண்டு மறக்கத்தகாதது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை மருத்துவர், நோயாளி ஒருவரின் இடப்புற நுரையீரல் முழுவதையும் அகற்றினார். நோயாளியும் ஒரு மருத்துவரே. அவர் அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

கிரகாமின் கதையோ வேறு. அவர் நெடுநாள் சிகரெட் புகைத்தவர். இந்நோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை 1950இல் அவரும் எர்ன்ஸ்ட் வைண்டரும் ஆய்ந்து வெளியிட்டனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்போர்ட் ஹில்லும் அம்முடிவையே கண்டனர். கிரகாம் பின்னர்ப் புகைப்பதை விட்டார். எனினும் 1957இல் அதே நோயால் மாண்டார். கண்டறிந்தபோது நோய் இரு நுரையீரல்களிலும் பரவியிருந்தது. கத்திக்கு அங்கே வேலையில்லை. நோயாளியைக் காத்ததும் மருத்துவரைக் கைவிட்டதும் காலமே.

மலேசியாவின் கணக்கும் இதனையே கூறுகிறது. 2007 முதல் 2011 வரை நோய் கண்டவர்களுள் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரே. பத்தில் ஒன்பது பேர் அளவில் நோய் முற்றிய பின்னரே கண்டறியப்பட்டமை இதற்கு முதற்காரணம்.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. புற்றணுவிலுள்ள குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைத் தாக்கும் மாத்திரைகள் எவருக்குப் பயன்படும் என்பது 2004இல் தெளிவாயிற்று. அம்மாற்றம் ஆசிய மக்களிடமும், புகையே அறியாத பெண்களிடமும் மிகுதி. முற்றிய நோயிலும் அவை ஆயுளை நீட்டுகின்றன. மிகுதியாகப் புகைத்தவர்களைக் குறைந்த கதிரளவுச் சி.டி. படத்தால் ஆண்டுதோறும் சோதித்தால், இந்நோய்ச் சாவு நூற்றுக்கு 20 குறையும் என 2011இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

ஆகவே, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒருவர்க்கு இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், அதனைப் பழஞ்சளி என்று தள்ளிவிடலாகாது. சளியில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதித்தல் தகாது. சளிச் சோதனையில் சயரோகம் இல்லை என்று வந்த பின்னும் இருமல் விடாவிடில், அத்துடன் நிறைவடையாமல் மேலும் சோதித்துக் கொள்ளவேண்டும். முன்னே கண்ட நோய்க்கே மருத்துவம் முழுப் பயன் தரும்.