ஸ்க்ரீன் வரைய ஏ.ஐ வந்தாச்சு... யு.எக்ஸ் டிசைனர் வேலைக்கு எதிர்காலம் இருக்கா?

ஒரு ஆப்ல பணம் அனுப்பிட்டு, போச்சா இல்லையான்னு தெரியாம முழிச்சிருக்கீங்களா? அந்த முழிப்பு வராம பார்த்துக்கிறதுதான் யு.எக்ஸ் டிசைனரோட வேலை.

பட்டனின் நிறம், எழுத்தின் அளவு, ஐகான் இதெல்லாம் யு.ஐ, அதாவது யூஸர் இன்டர்ஃபேஸ். ஆப்பைத் திறப்பதிலிருந்து வேலை முடியும்வரை பயன்படுத்துபவரின் மொத்த அனுபவத்தையும் யோசிப்பது யு.எக்ஸ், யூஸர் எக்ஸ்பீரியன்ஸ். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்த டான் நார்மன் தன் பதவியின் பெயரிலேயே இந்த வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகுதான் இது பரவலானது.

எது குறையுது?

2025-ல் வந்த கூகுள் ஸ்டிச், ஃபிக்மா மேக் போன்ற கருவிகளிடம் 'மளிகைக் கடைக்கு ஒரு ஆப் வேணும்'னு டைப் பண்ணாலே ஸ்க்ரீன்கள் ரெடி. புதுசா சேர்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஐகான், லாகின் பக்கம் போன்ற வேலைகளை இனி மெஷினே முடிச்சிடும். போர்ட்ஃபோலியோவில் அழகான படங்கள் மட்டும் இருந்தா, வேலை கிடைப்பது கஷ்டம்தான்.

எது வளருது?

டிஜிட்டல் கே.ஒய்.சி-யில் கேமரா முன்னாடி கண் சிமிட்டச் சொல்வாங்க. ஆசிட் வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வார்? பார்வையற்றவர்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, வாழும் உரிமையைச் சொல்லும் 21-வது பிரிவின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. கே.ஒய்.சி-யை எல்லோருக்கும் ஏற்றதாக மாற்ற 20 உத்தரவுகளும் வந்தன. 'கண் சிமிட்ட முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?'ன்னு டிசைன் கட்டத்திலேயே ஒருத்தர் கேட்டிருந்தா?

இன்னொன்று, டார்க் பேட்டர்ன். கேட்காமலேயே கார்ட்டில் பொருளைச் சேர்ப்பது, சப்ஸ்கிரிப்ஷனை ரத்து செய்ய விடாமல் அலையவிடுவது போன்ற 13 ஏமாற்று வேலைகளை மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் தடை செய்கிறது. இங்கேயும், 'இது தப்பு'ன்னு மீட்டிங்கில் சொல்லத் தெரிந்த டிசைனர் தேவை.

நீங்க என்ன பண்ணலாம்?

* ப்ளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் ஐ.ஐ.டி-களில் பி.டெஸ் படிக்க யூசீட் தேர்வு எழுதலாம். டிகிரி முடித்தவர்களுக்கு, எம்.டெஸ் படிக்க சீட் தேர்வு.

* ஒரு ஆப்பை வீட்டிலும் தெருவிலும் 5 பேரிடம் கொடுங்க. உதவி பண்ணாதீங்க. விரல் எங்கே தயங்குதுன்னு மட்டும் குறிச்சுக்கோங்க. பெரும்பாலான சிக்கல்கள் 5 பேரிலேயே தெரிந்துவிடும் என்பது யு.எக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொன்ன கணக்கு. அதைச் சரிசெய்து மறுபடி கொடுத்துப் பார்த்து எழுதினால், உங்க முதல் கேஸ் ஸ்டடி ரெடி.

* ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கிட்டு ஒரு ரீசார்ஜ் பண்ணிப் பாருங்க.

* காசு கட்டி கோர்ஸில் சேரும் முன், யூஸர் ரிசர்ச்சும் டெஸ்டிங்கும் சொல்லித் தருவாங்களான்னு கேளுங்க. சாஃப்ட்வேர் மட்டும்னா, அதை யூடியூபிலேயே கத்துக்கலாம்.

அடுத்த முறை அப்பா போனை நீட்டி 'இதுல எதைத் தொடணும்?'னு கேட்டா, பிடுங்கி நீங்களே பண்ணிடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, அவர் எங்கே குழம்புறார்னு பாருங்க. உங்க வேலைக்கான முதல் பாடம் அதுதான்!