இலங்கை இராணுவத் தொண்டர் படையணி

இலங்கை இராணுவத் தொண்டர் படையணி, இலங்கைத் தரைப்படையின் சேமப் பிரிவாகும். வேறு தொழில் பார்க்கும் குடிமக்களைச் சேர்த்து, ஓய்வு நேரத்தில் பயிற்சி தந்து, தேவை எழும்போது முழுநேரச் சேவைக்கு அழைப்பது இதன் அடிப்படை முறை. நிரந்தர இராணுவம் 1949இல்தான் அமைந்தது; தொண்டர் படை 1881 முதலே இருந்துவருகிறது. எனவே இலங்கையில் சேமப் படையே மூத்தது. நிரந்தரப் படை அதிலிருந்து கிளைத்தது.

தோற்றம்

மலாய் வீரர்கள் மிகுந்திருந்த இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1870களில் கலைக்கப்பட்டபின், உள்ளூரில் திரட்டிய படை எதுவும் தீவில் இல்லாமற்போனது. அக்குறையைத் தீர்க்க, ஆளுநர் சேர் ஜேம்ஸ் லோங்டன் காலத்தில், 1881 ஏப்ரல் 1 அன்று இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணி நிறுவப்பட்டது. லெப்டினன்ட் கேணல் ஜோன் ஸ்கொட் ஆர்மிட்டேஜ் அதன் முதல் கட்டளை அதிகாரி. அதே ஆண்டில் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய மாணவர் படையும் இவ்வணியுடன் இணைக்கப்பட்டது.

பீரங்கித் தொண்டர்கள் 1888இலும், குதிரையேறிச் செல்லும் காலாட்படை 1892இலும் சேர்ந்தன. 1900இல் கண்டியைத் தளமாகக் கொண்டு தோட்டத்துரைமார் ரைபிள் படை உருவானது. இதில் ஐரோப்பியர் மட்டுமே சேர முடிந்தது. தென்னாபிரிக்கப் போருக்கும் இலங்கைத் தொண்டர்கள் அனுப்பப்பட்டனர். இவை யாவும் 1910இல் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரில் ஒன்றாயின.

பயிற்சி முறை

அலுவலக எழுத்தர், வழக்கறிஞர், வணிகர், தோட்டத்துரை எனப் பலரும் அணியில் இருந்தனர். வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் அணிநடை, ஆயுதக் கையாளுகை, குறிபார்த்துச் சுடுதல் ஆகியவை பழக்கப்பட்டன. ஆண்டுக்கொரு முறை நடந்த முகாமே பயிற்சியின் உச்சம். தனித்தனியே பழகிய கம்பனிகள் அங்குதான் ஒரே பட்டாலியனாக நகரவும், கூடாரமடித்துத் தங்கவும், களப்பயிற்சி செய்யவும் கற்றன.

முகாமுக்கு வாய்த்த இடம் தியத்தலாவை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் அமைந்த இம்மலைப்பகுதியில், 1900இல், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை அடைத்துவைக்கத் தகரக் கொட்டகைகள் எழுப்பப்பட்டன. கைதிகள் நாடு திரும்பியபின் அந்த இடம் படைப்பயிற்சிக்குப் பயன்பட்டது.

உலகப் போர்கள்

1914 ஒக்ரோபரில் தோட்டத்துரைமார் படையின் ஒரு தொகுதி எகிப்துக்குக் கப்பலேறியது. சூயஸ் கால்வாயைக் காத்தபின் அது அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு கலிப்பொலியில் நின்றது. அப்படைகளின் தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

உள்நாட்டில் 1915 கலவரத்தின்போது தொண்டர்கள் காவலில் இறக்கப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, ஜூலை 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இது பின்னர் அநீதியின் அடையாளமாகவே நினைவுகூரப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் இலகு காலாட்படை பல பட்டாலியன்களாகப் பெருகி, துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் காவல் நின்றது. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அவ்வாண்டு ஓகஸ்ட்டில் தூக்கிலிடப்பட்டனர்.

நிரந்தரப் படையும் தொண்டர் படையும்

1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்படி ஒக்ரோபர் 10 அன்று நிரந்தர இராணுவம் தொடங்கியது. இலகு காலாட்படையின் முதலாம் பட்டாலியன் நிரந்தரப் படையானது. இரண்டாம் பட்டாலியன் தொண்டர் படையாகவே நீடித்தது. முதலாம் பட்டாலியனுக்குக் கட்டளையிட்ட அன்ரன் முத்துக்குமாரு, ஒக்ஸ்போர்டில் படித்த வழக்கறிஞர். 1934இல் தொண்டர் அதிகாரியாகப் படையில் சேர்ந்தவர். 1955இல் இராணுவத் தளபதியான முதல் இலங்கையர் இத்தமிழரே. 1950இல் தியத்தலாவையில் புதிதாகப் படைசேர்வோர் பயிற்சி நிலையம் அமைந்தபின், பழைய முகாம் மண் நிரந்தரப் படையின் பள்ளியாயிற்று.

தொண்டர் படை 1950களில் மாகாணங்களுக்கும் பரவியது. ருகுணு படைப்பிரிவும் ரஜரட்ட ரைபிள்ஸும் அவ்வாறு தோன்றியவை. இவ்விரண்டும் 1962இல் கெமுனு காவற்படையாக இணைந்தன. அதே ஆண்டு ஜனவரியில் முறியடிக்கப்பட்ட ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் தொண்டர் படையின் மூத்த அதிகாரிகளும் சம்பந்தப்பட்டிருந்ததால், பீரங்கி, பொறியியல், சமிக்ஞைத் தொண்டர் பிரிவுகள் கலைக்கப்பட்டன. காலாட்படைத் தொண்டர் பட்டாலியன்கள் தப்பின.

இரத்மலானைத் தொடர்பு

1922இல் இலகு காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்த சேர் ஜோன் கொத்தலாவலை, கேணல் தரம் வரை உயர்ந்து, 1953 முதல் 1956 வரை பிரதமராக இருந்தார். இரத்மலானையில் இருந்த தமது கந்தவளை வளவைப் படைக்கல்விக்கென அவர் வழங்கினார். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே நிறுவப்பட்ட பாதுகாப்புக் கல்லூரி, பின்னர் அவர் பெயரிலேயே பாதுகாப்புப் பல்கலைக்கழகமாயிற்று. தொண்டர் அதிகாரி ஒருவரின் நிலத்தில் முப்படைகளின் பயிலுநர் அதிகாரிகள் பட்டம் பெறுகின்றனர்.

இன்றைய நிலை

1971 கிளர்ச்சியின்போதும், 2009இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின்போதும் தொண்டர்கள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டனர். காலாட் படைப்பிரிவுகள் இன்றும் தொண்டர் பட்டாலியன்களைக் கொண்டுள்ளன.