சட்டாம்பிள்ளையும் புது வாத்தியாரும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஆசிரியர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம். "ஏழாம் வகுப்பில் என் பேச்சு எடுபடவே இல்லை சார். யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை" என்று அழுதாள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு. வாத்தியார் பழக்கம் போகுமா?

நம் திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர்தான். மணலில் விரலால் எழுதிப் பழகும் சின்னப் பிள்ளைகளை மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியைப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். மணலில் எழுதும் முறையை இங்கே பார்த்து, தம் பள்ளியிலும் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான்! 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

மலிவான முறைதான். ஆனால் சட்டாம்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? 1846-இல் இங்கிலாந்து அரசு அதற்கு ஒரு வழி செய்தது. 13 வயது நிரம்பியவர்கள் ஐந்தாண்டு தலைமையாசிரியரிடம் தொழில் பழக வேண்டும். அவர்கள் வகுப்பும் எடுப்பார்கள். தலைமையாசிரியர் அவர்களுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்துவார். அதற்கு அவருக்குத் தனியாகப் பணமும் உண்டு. புதியவரை உருவாக்குவதும் ஒரு வேலை, அதற்கு நேரமும் கூலியும் வேண்டும் என்று அன்றே ஒப்புக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் 1986 கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 2020 கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்றாம் பீரியடில் வகுப்பு கைமீறும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

எனக்கு ஒருவர் இருந்தார். முதல் வருஷம், ஒரு மூத்த ஆசிரியர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிறகு டீக்கடையில், "தம்பி, கரும்பலகையோடு பேசாதே, பிள்ளைகளோடு பேசு" என்றார். நாற்பது வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

ஆனால் நான் மூத்தவனான பிறகு, பக்கத்து வகுப்பில் ஒரு புது ஆசிரியர் தடுமாறினார். சத்தம் என் வகுப்புவரை கேட்கும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நான்காம் மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பத்தடி தூரம்தான். நான் போகவில்லை. அன்றிரவு தூக்கம் கெடுத்தது இதுதான்.

உங்களில் பலர் இன்று மூத்த ஆசிரியர்கள். அரசாணைக்குக் காத்திருக்காமல் அந்தப் பத்தடியை நடந்துவிடுங்கள். அந்தப் பெண்ணோடு இப்போது நான் ஞாயிறுதோறும் போனில் பேசுகிறேன். கடன் கொஞ்சமாவது அடையட்டும்.

உங்களுக்கு முதல் வருஷம் கைகொடுத்தவர் யார்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்